நரம்பின் பருமன்

நரம்பு என்னுஞ் சொல் நம் மொழியில் மூன்று பொருளைத் தாங்கி நிற்பது. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பு; அத்தந்தியினின்று எழும் சுரத்தையும் பண்டையோர் நரம்பென்றே வழங்கினர்; நம் உடலில் ஓடுவதும் நரம்பே. யாழ் நரம்புக்குரிய குற்றங்கள் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்காமென்று இசைநூல் வல்லோர் வகுத்துரைத்தனர். காந்தருவதத்தையோடு இசைப்போர் புரிய வந்த சீவகன், தன் கையிற் கொடுத்த யாழின் நரம்பைப் பிரித்து, உள்ளே மறைந்து கிடந்த மயிரை எடுத்துக் காட்டிய செய்தியைச் சிந்தாமணி படித்தவர் மறந்திரார். நரம்பை ஆராய்ந்து தேர்தல் பாட்டுக்கு முற்பட்ட வேலை என்பது நம்மவர்க்குப் புதிதன்று.

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருக என்று இதழாசிரியர் கேட்டபோது, யான் மின்சாரக் கிட்டாரின் நரம்புப் பருமனைப் பற்றி எழுதுவேன் என்றேன். அவர் சற்றே திகைத்தார். பௌதிக ஆசிரியன் ஒருவன் அணுவைப் பற்றியோ விண்மீன்களைப் பற்றியோ எழுதுவான் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும் சென்ற ஈராண்டுகளாக என் இடக்கையின் வாழ்வும் தாழ்வும் இந்த ஒரு பொருளையே பற்றிக்கொண்டு நின்றன. கல்லூரி இசைக்குழுவில் என்னோடு வாசிப்போரும், வாசித்துவிட்டு வெளியூர் சென்ற பழைய மாணவரும் இதனை வீண்பொருள் என்று தள்ளார் என நம்பி எழுதத் துணிந்தேன்.

கடையில் நரம்புத் தொகுதி ஒன்றை வாங்கினால், உறையின்மேல் 9-42 என்றோ 10-46 என்றோ இரண்டு எண்கள் காணப்படும். ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறு செய்தால் அவற்றுள் 9 கூறு பருமனுடையது முதல் நரம்பு, 42 கூறு பருமனுடையது ஆறாம் நரம்பு என்பது அதன் பொருள். 9-42 என்னுந் தொகுதியில் 9, 11, 16, 24, 32, 42 என்றும், 10-46 என்பதில் 10, 13, 17, 26, 36, 46 என்றும் ஆறு நரம்புகள் அமையும். மேற்சுரங்களுக்குரிய மூன்றும் வெறும் எஃகுக் கம்பிகள். கீழ்ச்சுரங்களுக்குரிய மூன்றும் எஃகுக் கம்பியின்மேல் நிக்கல் பூசிய மெல்லிய கம்பியைச் சுற்றியவை. ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரே கூறு. அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் பருமனிற் பாதியும் தேறாது. கண்ணால் அறியவொண்ணாத இந்த வேறுபாட்டை விரல் தொட்ட மாத்திரத்தில் அறிந்துகொள்ளும்.

யான் முதன்முதலிற் கிட்டார் வாங்கியது 1991-ஆம் ஆண்டு. அக்காலத்தில் எங்கள் ஊர்க் கடைகளில் பருமனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே நரம்பு. அறுந்தால் ஒற்றை நரம்பாக வாங்குவோம். அதன் எண்ணைக் கேட்டால் அவர் நம்மை விநோதமாகப் பார்ப்பார். வெளிநாட்டிலிருந்த என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்த ஒரு பெட்டி 11-49 தொகுதிகளே யான் எண்ணறிந்து கட்டிய முதல் நரம்புகள். அவற்றோடு அவர் ஓர் ஒலிப்பேழையும் தந்தார். அது டெக்ஸாஸ் நாட்டு ஸ்டீவி ரே வான் என்பாருடையது. 1990 ஆகஸ்டு மாதத்தில் ஹெலிகாப்டர் விபத்தொன்றில் முப்பத்தைந்து வயதிலேயே இறந்துபோன அவர், முதல் நரம்பாக 13 கூறு பருமனுள்ளதைக் கட்டியவர். மற்றவர் விரல் தொட அஞ்சும் அந்த நரம்பை அவர் இழுத்து அழவைப்பதைக் கேட்டபின், பருத்த நரம்பே ஆண்மையுள்ள நரம்பு என்ற எண்ணம் எங்களிற் பலருக்கும் வந்துவிட்டது. அவர் தம் கிட்டாரை வழக்கமான சுருதிக்கு அரைச்சுரம் தாழ்த்திக் கட்டினார் என்ற செய்தி பல ஆண்டுகள் கழித்தே எங்கள் காதுக்கு எட்டியது.

முப்பதாண்டுகள் 11-இல் வாசித்தேன். அவ்வாண்டுகளைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆறாம் நரம்பைத் தட்டினால் மார்பில் வந்து மோதும் அந்த ஒலியில் ஒரு கண்ணியம் இருந்தது.

பருத்த நரம்பு எங்கிருந்து வந்தது என்பதை ஈண்டுச் சிறிது சொல்லவேண்டும். மின்சாரம் வருமுன் கிட்டாருக்கு ஒலி தருவது அதன் மரப்பெட்டியே. பெட்டியின் மேற்பலகையை அசைக்க வலிய நரம்பு வேண்டும். நரம்பு மெலிந்தால் பாடுவோர் குரலிலும் பித்தளை வாத்தியங்களின் முழக்கத்திலும் கிட்டாரின் ஒலி மூழ்கிப்போம். 1930-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்பாரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பாரும் சேர்ந்து, காந்தமும் கம்பிச்சுருளும் அமைந்த ஒரு கருவியை நரம்புகளுக்கு அருகில் வைத்தனர். வாணலி போன்ற வடிவத்தால் வாணலி என்றே அக்கிட்டாருக்குப் பெயர் வழங்கிற்று. எஃகு நரம்பு அசையுந்தோறும் காந்தப்புலம் அசைய, சுருளில் மின்னோட்டம் பிறக்க, அதனை ஒலிபெருக்கி எத்துணை வேண்டுமாயினும் பெருக்கிக் கொடுக்கும். நைலான் நரம்பை இதிற் கட்டினால் கிட்டார் ஊமையாம்.

இனிப் பலகையை அசைக்கும் சுமை நரம்புக்கு இல்லை. ஆகவே பருத்த நரம்புக்குரிய காரணம் அன்றே தீர்ந்துவிட்டது. காரணம் போயும் வழக்கம் போகவில்லை. 1950-இல் ஃபென்டர் நிறுவனமும் 1952-இல் கிப்ஸன் நிறுவனமும் திண்ணிய உடற்கட்டுள்ள மின்கிட்டார்களை விற்கத் தொடங்கிய பின்னும், கடைகளிற் கிடைத்த தொகுதிகளில் மூன்றாம் நரம்பு சுற்றுக்கம்பியாகவே இருந்தது. முதல் நரம்பு 12 அல்லது 13 கூறு. அந்த மூன்றாம் நரம்பை இழுத்துச் சுரத்தை ஏற்றுதல் எளிதன்று. இளைஞர் தாமே ஒரு தந்திரங் கண்டனர். பாஞ்சோவுக்குரிய மெல்லிய கம்பியை முதல் நரம்பாகக் கட்டி, தொகுதியின் முதல் நரம்பை இரண்டாவதாகவும், இரண்டாவதை மூன்றாவதாகவும் இறக்கிக் கட்டி, ஆறாவதை எறிந்துவிட்டனர். கலிபோர்னியாவில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஏர்னி பால் என்பார் தம்மிடம் பயில வந்தோர் அந்த மூன்றாம் நரம்போடு படும் பாட்டைக் கண்டு, மெல்லிய நரம்புகளைத் தனியே செய்வித்து 1960-களின் தொடக்கத்தில் ஸ்லிங்கி என்ற பெயரில் விற்கத் தலைப்பட்டார். இன்று நாம் கேட்கும் 9-42, 10-46 ஆகியன அவ்வழியில் வந்த வழக்கே. பெரிய தொழிற்சாலைகள் காணாத குறையைக் கடைக்காரர் ஒருவர் கண்டது இசைக்கருவி வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்திகளுள் ஒன்று.

இனி என் துறைக்கு வருவேன். நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் சோனாமீட்டர் என்னும் பெட்டியை இழுத்துப் பாராத இளங்கலை மாணவர் இரார். ஒரு கம்பி, இரண்டு குதிரைகள், ஒரு முனையில் எடைக்கற்கள், நடுவில் ஏறி அமர்ந்திருக்கும் காகிதத் துண்டு. சுருதிக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றியவுடன் காகிதம் துள்ளி விழுந்தால் அளவு சரி. அதன் பின்னுள்ள விதியை மெர்ஸென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636-இல் தம் நூலில் எழுதிவைத்தார். நரம்பின் நீளம் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாம். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரட்டிக்கும். ஒரே பொருளாலான நரம்பின் பருமன் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாம். இவ்விதியைக் கரும்பலகையில் எழுதியபோது உறங்கிய வகுப்பு, கிட்டார் நரம்புகளைப் பெட்டியிற் பூட்டியபோது விழித்துக்கொண்டது. ஐந்தரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு, 320 அதிர்வெண்ணுள்ள கவைக்கு ஒத்திசையச் செய்தோம். 9 கூறு நரம்புக்குக் குதிரைகளின் இடைவெளி 64 சென்டிமீட்டர். அதே எடையில் 11 கூறு நரம்புக்கு 52 சென்டிமீட்டர். பதினொன்றை ஒன்பதால் வகுத்துப் பார்த்த மாணவன் ஒருவன், "ஐயா, கணக்கு அப்படியே வருகிறது!" என்று வியந்தான். வராமற் போயிருந்தாலன்றோ வியக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

கிட்டாரில் நீளம் நிலையானது; என்னுடையதில் இருபத்தைந்தரை அங்குலம். சுருதியும் நிலையானது, முதல் நரம்புக்கு வினாடிக்கு ஏறக்குறைய 330 அதிர்வுகள். இவ்விரண்டும் மாறாதபோது, பருமன் ஏறினால் இழுவிசை பருமனின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். 8 கூறு நரம்புக்கு நான்கே முக்கால் கிலோ எடைக்கு ஒப்பான இழுப்பு வேண்டும். 9 கூறுக்கு 6 கிலோ. 10 கூறுக்கு ஏழரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 11 கூறுக்கு 9 கிலோ. வானுடைய 13 கூறுக்கு, அவர் தாழ்த்திக் கட்டிய சுருதியிலும், 11 கிலோவுக்கு மேல். ஆறு நரம்புகளையுங் கூட்டினால் 9-42 தொகுதி கழுத்தை 39 கிலோ அளவிலும், 10-46 தொகுதி 47 கிலோ அளவிலும், 11-49 தொகுதி 54 கிலோ அளவிலும் இழுக்கின்றன. முதலதற்கும் கடையதற்கும் இடையிலுள்ள பதினைந்து கிலோ நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் எடை. அக்குழந்தையை இடக்கை விரல்களில் ஏற்றிக்கொண்டு முப்பதாண்டுகள் வாசித்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். வீட்டிலிருந்த குழந்தைகளை அவ்வாறு ஏந்தியதாகத் தமக்கு நினைவில்லை என்றார்.

இரண்டு செய்திகளை இங்கே சொல்லவேண்டும். வாசிப்போர் நடுவில் இவற்றைப் பற்றி வேறு நினைவு பரவியிருக்கிறது. மெல்லிய நரம்பு சுருதி ஏற்றும்போதே அறுந்துபோம் என்பர். அஃது அவ்வாறன்று. பருமன் குறைந்தால் தாங்கும் வலிமை எந்த அளவிற் குறைகிறதோ, அந்தச் சுருதிக்கு வேண்டிய இழுப்பும் அதே அளவிற் குறைகிறது. ஆகவே ஒரே சுருதியில் மெல்லியதும் பருத்ததும் தத்தம் எல்லையிலிருந்து ஏறத்தாழச் சமதூரத்திலேயே நிற்கின்றன. மெல்லியது அறுவது சுருதியால் அன்று. மீட்டும் கையின் முரட்டுத்தனத்தாலும், துரு தின்ற இடத்தில் மிஞ்சும் உலோகம் சிறிதாதலாலும் ஆம். மற்றொன்று, நரம்பை மெட்டின்மேற் பக்கவாட்டில் இழுத்து ஒரு முழுச்சுரம் ஏற்றுவதைப் பற்றியது. நம் வீணையில் அனுசுரங்களைப் பிறப்பிக்கும் இழுப்பும் இத்தகையதே. மெல்லிய நரம்பை அதிக தூரம் இழுக்கவேண்டும் என்று எண்ணுகிறவர் உண்டு. தூரம் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது விசை மட்டுமே. நீளவொட்டாமல் எதிர்க்கும் ஆற்றலும், ஏற்கெனவே உள்ள இழுப்பும் ஒரே விகிதத்தில் ஏறுவதால் அவ்வாறு அமைகிறது.

இவை யாவும் எனக்கு ஏட்டறிவாகவே இருந்தன, ஈராண்டுகளுக்கு முன் என் இடக்கை மோதிரவிரல் பூட்டிக்கொள்ளும் வரை. காலையில் விரலை மடக்கினால் நீளாது. வலக்கையாற் பிடித்து நிமிர்த்தினால் டக்கென்று ஒரு தெறிப்போடு நீளும். நரம்பு பிடித்துக்கொண்டது என்று அம்மா சொல்லி எண்ணெய் தேய்த்தார்கள். எலும்பு மருத்துவரோ, இது நரம்பன்று, தசைநாண் என்றார். விரலை மடக்கும் நாண் ஒரு குழலுக்குள் ஓடுகின்றது. நாண் தடித்தாலும் குழல் இறுகினாலும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு இது அரியதன்று. ஆறு வாரம் விரலுக்குக் கட்டை கட்டினார். குழலுக்குள் ஒருமுறை ஊசி மருந்து செலுத்தினார். பின்பு என் தொழிலைக் கேட்டவர், "கிட்டாரை விடச் சொல்லமாட்டேன். அழுத்துவதைக் குறையுங்கள். மறுபடியும் பூட்டினால் அறுவைதான்," என்றார். அவர் எந்தப் பொருளிற் சொன்னாரோ, யான் வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதியவை எண்கள்: 9, 7½, 6, 4¾.

எண்களைப் பார்த்தபின்னும் மனம் இசையவில்லை. பருமனைக் குறையாமலே இழுப்பைக் குறைக்க வேறு வழியுண்டா என்று தேடினேன். அரைச்சுரம் தாழ்த்திக் கட்டினால் இழுப்பு நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். ஆனால் நம் ஜெபாலயத்துப் பியானோ எனக்காகச் சுருதி இறங்காது. தாழ்த்திய கிட்டாரை அதனோடு ஒத்து வாசிக்க எல்லாவற்றையும் ஒரு மெட்டு மேலே தள்ளிப் பிடிக்கவேண்டும். திறந்த நரம்புகள் பயன்படாமற் போம். நீளங் குறைந்த கிட்டார் மற்றொரு வழி. கிப்ஸன் வகையின் நரம்பு நீளம் இருபத்துநான்கே முக்கால் அங்குலம் என்பர். அதில் இழுப்பு நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். ஆறு பங்குக்காக வேறு கிட்டார் வாங்க ஆசிரியன் சம்பளம் இடந்தராது.

அந்நாட்களில் பர்மிங்காம் நகரத்து டோனி அயோமியின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. 1965-இல் பதினேழு வயதில், உலோகத்தகட்டுத் தொழிற்சாலையில் அவர் வேலைசெய்த கடைசி நாளில், இயந்திரம் வலக்கையின் நடுவிரல் மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் கொண்டுபோயிற்று. அவர் இடக்கையால் மீட்டுபவர். ஆதலின் நரம்பை அழுத்தும் கையே ஊனமுற்றது. தொழிற்சாலை மேலாளர் ஒருவர், தீயில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த ஜாங்கோ ரெயின்ஹார்டின் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்கச் செய்தாராம். அயோமி பிளாஸ்டிக்குப் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். பாஞ்சோ நரம்புகளைக் கட்டினார். பின்னர் மூன்று அரைச்சுரம் சுருதி தாழ்த்தினார். அவ்வாறு பிறந்த பிளாக் ஸபத் குழுவின் ஒலியை உலகிலேயே மிகக் கனத்த ஒலி என்று கேட்டோர் சொன்னார்கள். கனத்த ஒலிக்கு மெல்லிய நரம்பு என்பது எனக்குச் சிறிது ஆறுதல் தந்தது. டெக்ஸாஸிலேயே பில்லி கிப்பன்ஸ் என்பார் 7 கூறு நரம்பிற் பருத்த ஒலி எழுப்புகிறார். பி.பி. கிங், இத்தனை கனத்த நரம்போடு ஏன் பாடுபடுகிறாய் என்று தம்மைக் கேட்டதாலேயே மாறியதாக அவர் பேட்டிகளிற் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு 1991-இல் வந்து சேர்ந்த டெக்ஸாஸ்காரர் ஒருவர். வேறொருவரும் அங்கே இருந்திருக்கிறார்.

படிப்படியாக இறங்கினேன். திங்களுக்கு ஒரு தொகுதி: முதலிற் 10, பின்பு 9, கடைசியில் 8. நரம்பை மாற்றினாற் போதுமென்று எண்ணுகிறவர் கிட்டாரைக் கண்டு திகைப்பர். இழுப்புக் குறைந்தவுடன் கழுத்து நிமிர்ந்துவிடும். நரம்புகள் மெட்டுகளில் மோதி இரையும். கழுத்துக்குள் ஓடும் இருப்புக்கம்பியைச் சிறிது தளர்த்தவேண்டும். என் கிட்டாரின் குதிரை பின்புறத்து வில்சுருள்களோடு தராசுபோல் நிற்பது. நரம்பின் பக்கம் இலேசானதும் வில்சுருள் அதனைப் பின்னே இழுத்துப் படுக்கவைத்துவிட்டது. திருகாணியைத் தளர்த்தி மீண்டும் சமநிலைக்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முழுதும் சென்றது. தலைப்பக்கத்தில் 11-க்கென்று அறுத்த பள்ளங்களில் 8 அளவு நரம்பு ஆடி இரைந்தது; அதற்குப் புதிய எலும்புத்துண்டு வைக்கவேண்டியிருந்தது.

கைக்கும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. எட்டில் முதல் வாரம் நான் பிடித்த சுரக்கூட்டு ஒன்றும் சுருதி சேரவில்லை. பழைய வலிமையோடு அழுத்தியதால் நரம்பு மெட்டுகளுக்கு இடையே பள்ளத்தில் இறங்கிச் சுரம் ஏறிவிட்டது. மெல்லிய நரம்பு அழுத்துங் கையை மறைக்காது, உடனே காட்டிக்கொடுக்கும். சுரம் ஏறாமல் வாசிக்கப் பழகியபோது, மருத்துவர் சொன்ன அழுத்தக்குறைவு தானே வந்துவிட்டது. ஊசி மருந்தையும் கட்டையையும்விட இதுவே என் விரலுக்கு உதவிற்று என்று யான் நினைக்கிறேன். அவர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒலி என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே பாடலை, ஒரே ஒலிபெருக்கியில், ஒரே அளவில் வாசித்துப் பதிவுசெய்து வைத்திருந்தேன். இசைக்குழு மாணவர் சிலரையும், பாடகர் குழுவை நடத்தும் என் நண்பரையும் இருத்தி, எண்ணைச் சொல்லாமற் போட்டுக் காட்டினேன். கிட்டார் தனித்து ஒலித்தபோது 11-ஐயும் 8-ஐயும் எல்லோரும் பிரித்தறிந்தனர். கீழ் நரம்புகளின் அடித்தொனியிற் குறைவு தெளிவாகத் தெரிந்தது. 10-ஐயும் 9-ஐயும் கேட்டவர்கள் தம்முட் சச்சரவிட்டனர். பியானோவும் குரல்களும் சேர்ந்த பதிவைப் போட்டபோது ஒருவராலும் ஒன்றையும் பிரிக்க முடியவில்லை. நண்பர், "அடித்தொனிக்கு என் இடக்கை இருக்கிறதே ஐயா, நீர் ஏன் அங்கே வந்து முட்டிக்கொள்கிறீர்?" என்றார். அவர் பல ஆண்டுகளாக இதனைச் சொல்லக் காத்திருந்தார் போலும்.

மேல் மூன்று நரம்புகளில் எனக்குக் கிடைத்தது வேறு. இழுத்து ஏற்றிய சுரத்தை ஏற்றிய இடத்திலேயே நிறுத்தி அசைக்க, 11-இல் எனக்கு வலிமை போதவில்லை. ஏற்றுவதோடு வலிமை தீர்ந்துவிடும். 9-இல் ஏற்றியபின்னும் கையில் மிச்சம் இருந்தது. எட்டோ என் மீட்டும் கைக்கு மிக நொய்யது. ஆகவே ஒன்பதில் நின்றேன். எனினும் 11-இன் ஆறாம் நரம்பு மார்பில் வந்து மோதுவது இப்போது இல்லை. இல்லாததை உண்டென்று சொல்ல மாட்டேன். சில இரவுகளில் அதற்காகவே பழைய பதிவைப் போட்டுக் கேட்கிறேன்.

சென்ற ஆவணியில், வேதியியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தன் கிட்டாரோடு என் அறைக்கு வந்தாள். அதில் 11-49 கட்டியிருந்தது. நகரத்துக் கடையொன்றில், நல்ல ஒலி வேண்டுமானால் இதுவே, இதை வாசிக்க முடியாதவர் கீபோர்டு பழகலாம் என்று சொல்லி விற்றார்களாம். நான்கு மாதமாகியும் மூன்றாம் நரம்பு அவளுக்கு ஏறவில்லை. விரல் நுனிகள் வெடித்திருந்தன. "என் கை இதற்கு ஆகாது போலிருக்கிறது ஐயா. விற்றுவிடலாமா என்று கேட்க வந்தேன்," என்றாள். யான் மறுமொழி கூறாமல் என் கிட்டாரை அவள் மடியில் வைத்தேன். மூன்றாம் நரம்பை இழுத்தாள்; சுரம் ஏறிற்று. நரம்பைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடியும் இழுத்தாள். "இது வேறு கிட்டாரா?" என்றாள். "நரம்பு வேறு," என்றேன்.

அவளுக்குத் தாளக்கூறுகளை ஆறாம் நரம்பில் அழுத்தமாக வாசிக்கும் பழக்கம் நன்றாக வந்திருந்தது. அதனைக் கெடுக்க மனமில்லை. ஆதலின் 9-46 என்னுங் கலப்புத் தொகுதியைக் கட்டினோம்: மேல் மூன்றும் 9, 11, 16, கீழ் மூன்றும் 26, 36, 46. நம் கடற்கரைக் காற்றுக்கும் கை வியர்வைக்கும் நிக்கல் பூசிய கம்பி சில வாரங்களிற் கறுத்துவிடும். வாசித்தபின் உலர்ந்த துணியால் நரம்பின் அடிப்பக்கத்தையும் துடைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் வாசித்த தனிப்பகுதியை நேரிற் கேட்டவர்க்கு யான் அதைப் பற்றி எழுதவேண்டியதில்லை. கேளாதவர் அடுத்த டிசம்பரில் வரலாம்.

அவளுடைய கிட்டாரினின்று கழற்றிய 11-49 நரம்புகளும், என் அலமாரியில் உறை பிரியாமல் மீந்திருந்த இரண்டு தொகுதிகளும் இப்போது சோனாமீட்டர் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கின்றன. நரம்பின் முனையிலுள்ள பித்தளைக் குமிழ் பெட்டியின் கொக்கியில் அழகாகப் பொருந்துகிறது. ஆய்வுக்கூட உதவியாளரிடம் கையெழுத்திட்டு மூன்றாமாண்டு மாணவர் பெற்றுக்கொள்ளலாம்.